ஆசாரத்துச் சுவரில் ஒரு மண்கூடு

ஜூன் 7

ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் குளவி மண்கூடு கட்டுகிறது. ஒல்லிக்குச்சி இடுப்பும் தொங்கும் காலுமாக, வாசல் தொட்டியோரத்துச் சேற்றை உருண்டை பிடித்துக் கொண்டுவருகிறது. விளக்குமாற்றை எடுத்தேன், ஆத்தா விடவில்லை. "அதைத் தொடாத சாமி. குளவி கூடு கட்டுனா ஊட்ல கொழந்தை பொறக்கும்" என்றார். வீட்டம்மா என்னை முறைத்தாள். ரெண்டு பிள்ளைகள் போதும் என்பது எங்கள் வீட்டில் எப்போதோ முடிவான விஷயம்.

சாயங்காலம் பரண் மேலிருந்த பழைய கூடு ஒன்றை உடைத்துப் பார்த்தேன். காய்ந்த சிலந்திகளும் ஒரு வெறும் ஓடும் கிடந்தன. புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்று சின்ன வயதில் கேட்டதை இத்தனை நாள் அப்படியே நம்பியிருக்கிறேன். நடப்பது வேறு. தாய்க்குளவி சிலந்தியைக் கொட்டி, சாகவிடாமல் மயங்கவைத்து, அறைக்குள் அடுக்கி, முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிடுகிறது. பொரிகிற புழுவுக்கு அதுதான் சாப்பாடு. இது தனிக்குளவி. கூட்டமும் கிடையாது, கூட்டைக் காக்கிற வேகமும் கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய நம்மைக் கொட்டாது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். பிளக் ஓட்டையில் மட்டும் டேப் ஒட்டினேன், அதையும் மண்போட்டு அடைத்துவிடும்.

ஜூன் 11

காலையில் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் ரூம் கதவை இழுத்தேன். உள்பக்கம் வேறொரு வகைக் குளவியின் காகிதக்கூடு இருந்திருக்கிறது. தாமரைக்காய் மாதிரி அறைகள் வெளியே தெரியத் தொங்கும் அதே கூடுதான். இடது கையில் ரெண்டு கொட்டு.

ஓடிவந்ததும் சுண்ணாம்பு தடவினேன். அது ஒரு முட்டாள்தனம், எரிச்சலோடு தோலும் உரிந்ததுதான் மிச்சம். மோதிரத்தை உடனே கழற்றாதது அடுத்த முட்டாள்தனம். மதியம் விரல் வீங்கி, சோப்பு போட்டு அரைமணி நேரம் திருகிய பிறகுதான் வந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தாலே போதும்.

கொடுக்கு உள்ளே நிற்கவில்லை. தேனீயாக இருந்தால் நின்றிருக்கும். அதன் கொடுக்கில் முள் உண்டு, விஷப்பையோடு பிய்ந்து நம் தோலிலேயே தங்கி இன்னும் விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். அதனால் நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிட வேண்டும். குளவிக்கு வழுவழுப்பான கொடுக்கு, எத்தனை தடவையும் கொட்டும்.

ஜூன் 12

மணிக்கட்டு வரை வீக்கம், அரிப்பு. கொட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் என்றால் பயமில்லை. உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இறுகினால், தலை சுற்றினால், உடம்பெங்கும் தடித்தால் 108ஐ அழைத்துவிட வேண்டும், ஒரே கொட்டானாலும். ஆத்தாவிடம் இதைச் சொன்னால், "அந்தக் காலத்துல நூறு கொட்டு வாங்கியும் காட்டுக்குப் போனோம்" என்கிறார்.

ஜூன் 14

மோட்டார் ரூம் கூட்டை எடுத்தேன். பகலில் போயிருந்தால் பாதி வெளியே இருந்திருக்கும், திரும்பிவந்து என்னைப் பிடித்திருக்கும். நன்றாக இருட்டிய பிறகு முழுக்கைச் சட்டை, முகத்துக்குத் துண்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள். சிவப்பு வெளிச்சம் அவற்றின் கண்ணுக்கு எடுபடாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று மருந்தடித்தேன்.

இதே மாதிரிக் காகிதக்கூடு கட்டும் குளவி ஒன்றை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். ராணி போனால் அடுத்த ராணி யார் என்று அவற்றுக்குள் ஏற்பாடு இருக்கிறதாம். படித்தபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் கைவைக்கிற கதவு அது. மாட்டுக்கொட்டாய் மோட்டுவளையில் இன்னொன்று இருக்கிறது. ஆள் கை எட்டாத உயரம், அதை விட்டுவிட்டேன்.

ஜூன் 18

விட்டது நல்லதாகப் போயிற்று. இன்று அந்தக் கூட்டுக்குக் கதண்டு என்கிற பெருங்குளவி வந்தது. கறுத்த பெரிய உடம்பு, வயிற்றில் அகலமாக ஒரு மஞ்சள் பட்டை. சின்னக் குளவிகள் ஒதுங்கி நிற்க, அறை அறையாகப் புழுவைப் பிடுங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எல்லாம் புழுவோடு ஒரே திசைக்குத்தான் பறந்தன. கிளுவை வேலியோரமாக மெதுவாகப் போனேன். மொட்டைப் பனையில், முன்பு கிளி இருந்த பொந்து. வாசலில் கதண்டுகள் போவதும் வருவதுமாக இருந்தன. முப்பதடி தள்ளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பனைக்கு அடியில்தான் ஆடு கட்டுகிறோம். தேங்காய் பறிக்க வருகிற அண்ணனும் அந்த வழியாகத்தான் வருவார்.

ஜூன் 19

"சீமெண்ணெய் ஊத்திக் கொளுத்திப்போடலாம் மாப்ளே" என்று பங்காளி ஒருவர் கிளம்பினார். ஆனி மாதக் காற்று, காய்ந்த கொறங்காடு (மேய்ச்சல் காடு), மரத்து மேல் ஆள். யோசித்தாலே வயிறு கலங்குகிறது. கதண்டு கூட்டமாக வந்து கொட்டினால் உயிருக்கே ஆபத்தாகலாம். 101க்குப் போன் போட்டேன்.

இருட்டியதும் வந்தார்கள். காற்று அடங்கும் வரை வண்டியிலேயே காத்திருந்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டையும் ஆளையும் அப்புறப்படுத்திவிட்டு, தண்ணீர்க் குழாயைத் தயாராக வைத்துக்கொண்டு, நீளக்கழியில் பந்தம் கட்டிப் பொந்துக்குக் காட்டினார்கள். கால்மணி நேர வேலை. மறுநாள் காலை வரை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜூன் 24

எலுமிச்சைச் செடியில் கொம்புத்தேன் கட்டியிருக்கிறது. உள்ளங்கையளவு ஒற்றை அடை. தொடவில்லை, பிள்ளைகளிடம் மட்டும் காட்டி வைத்தேன்.

ஜூலை 3

கால்நடை டாக்டர் வந்து மயிலை மாட்டைப் பார்த்தார். மூன்று மாதச் சினையாம்.

ஆத்தா சுவரைக் காட்டி, "பாத்தியா கண்ணு, குளவி பொய் சொல்லுமா?" என்றார். கூடு கட்டி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று கணக்குச் சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. வீட்டம்மா மட்டும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.