கதவு எந்தப் பக்கம்?

சண்டைப் படம் எதுவானாலும் நான் முதலில் கவனிப்பது கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். ஜன்னல் எங்கே, படிக்கட்டு எங்கே, உள்ளே மாட்டிக்கொண்டவன் வெளியே வரவேண்டுமென்றால் எத்தனை பேரைத் தாண்டவேண்டும்? கட்டட பிளான் வரைவது என் தொழில், அதனால் வந்த பழக்கமாக இருக்கலாம். ஆனால் ஹாங்காங், தைவான் படங்களைத் தொடர்ந்து பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. அவற்றில் நல்ல படங்களை எடுத்தவர்களும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டுதான் எடுத்திருக்கிறார்கள். அடி எவ்வளவு பலமாக விழுகிறது என்பது எனக்கு அப்புறம்தான். எந்த இடத்தில் நின்று அடிக்கிறான் என்று புரியாவிட்டால் அந்தச் சண்டை என்னைத் தொடுவதே இல்லை.

சமீபத்தில் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்று கிங் ஹூ 1967இல் தைவானில் எடுத்த 'டிராகன் இன்'. இன்னொன்று 2024இல் ஹாங்காங்கிலிருந்து வந்த 'ட்வைலைட் ஆஃப் தி வாரியர்ஸ்: வால்ட் இன்'. நடுவில் 57 வருடம். இரண்டுமே ஓர் இடத்தின் கதை.

'டிராகன் இன்' கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். மிங் பேரரசுக் காலம், 1457ஆம் வருடம். அரண்மனை அண்ணகர்களில் (ஆண்மை நீக்கப்பட்ட அரசவை ஊழியர்கள்) அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் ஒருவன், நேர்மையான அமைச்சர் ஒருவரைக் கொன்றுவிட்டு அவர் பிள்ளைகளை எல்லைக்கு நாடு கடத்துகிறான். போகிற வழியிலேயே அவர்களைத் தீர்த்துக்கட்ட அவனுடைய ஒற்றர்கள் முன்கூட்டியே வந்து, பொட்டல்வெளியில் தனியாக நிற்கும் ஒரு சத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கே கையில் குடையோடு தனி ஆளாக ஒருவன் வருகிறான்.

அவன் உள்ளே வந்து உட்காரும் காட்சியை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இடமில்லை என்கிறார்கள், அவன் எழுந்திருக்கவில்லை. சுற்றி மேசைகளில் இருப்பவர்கள் எல்லாம் அவனைக் கொல்லத் தயாராக இருப்பவர்கள். அது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மதுவில் விஷம் கலந்து கொடுக்கிறார்கள். ஒரு கட்டத்தில் நூடுல்ஸ் கிண்ணத்தை எடுத்து எதிர் மேசைக்கு வீசுகிறான். அது ஒரு சொட்டுச் சிந்தாமல் போய் உட்காருகிறது. கத்தியை உருவாமலே ஆள் யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. கிங் ஹூ இதற்குள் அந்தக் கூடம் முழுவதையும் நமக்குக் காட்டி முடித்திருக்கிறார். எந்த மேசையில் யார், கல்லா எந்த மூலையில், வாசலுக்கு எத்தனை எட்டு என்பதெல்லாம் நம் மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு சண்டை வரும்போது கேமரா எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் நாம் தொலைந்துபோவதில்லை. படம் முடிந்ததும் அந்தக் கூடத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். கை தயங்கவே இல்லை.

இது தற்செயல் இல்லை. பெய்ஜிங்கில் பிறந்து ஹாங்காங்குக்கு வந்த கிங் ஹூ சினிமாவில் நுழைந்தது கலைத்துறை வழியாக. செட்டும் சாமான்களும் அவருக்குக் கைவந்தவை. அவருக்குச் சண்டை அமைத்த ஹான் யிங்-ஜியே, பாட்டும் வித்தைகளும் கலந்த சீன மேடை நாடகமான பெய்ஜிங் ஓபராவில் பயிற்சி பெற்றவர். அதனால்தான் இந்தப் படங்களின் சண்டையில் தாளம் இருக்கிறது: ஓடுவார்கள், சட்டென்று நிற்பார்கள், ஒருவரை ஒருவர் அளப்பார்கள், ஒரே வீச்சில் முடிப்பார்கள். அந்த நிற்பதுதான் எனக்கு உயிர். இன்றைய படங்களில் யாரும் நிற்பதே இல்லை.

'டிராகன் இன்' படத்துக்கு முந்தைய வருடம் கிங் ஹூ எடுத்த 'கம் டிரிங்க் வித் மீ' படத்திலும் ஒரு சத்திரம், ஒரு கூடம், வளைத்துக்கொள்ளும் கொள்ளைக்காரர்கள். நடுவில் செங் பெய்-பெய், அப்போது இருபது வயதுப் பெண். சண்டைக்கலை கற்றவர் அல்ல, நடனம் கற்றவர். தலையைக்கூடத் திருப்பாமல் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே அந்த அறை அவர் கட்டுப்பாட்டில் இருப்பது தெரியும். 2000இல் 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் ஜேட் ஃபாக்ஸாக வந்தவரும் இவரே. 2024 ஜூலையில் காலமானார். அவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதவேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, புதிய படத்துக்கு வருகிறேன். அதன் கதை நடக்கும் கவ்லூன் வால்ட் சிட்டி ஹாங்காங்கில் உண்மையிலேயே இருந்த இடம். சுமார் ஆறரை ஏக்கரில் 33,000 பேர் வாழ்ந்தார்கள். கட்டட விதிமுறையில்லாமல், வரைபடமில்லாமல் கட்டடத்தின்மேல் கட்டடமாக ஒட்டி எழுப்பினார்கள். பக்கத்திலேயே காய் டாக் விமான நிலையம் என்பதால் மட்டும் 14 மாடியோடு நின்றது. தரையில் கால் வைக்காமலே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகலாம் என்பார்கள். 1993-94இல் முழுவதும் இடித்துவிட்டார்கள், இப்போது அது பூங்கா.

இயக்குநர் சோய் சியாங் அந்த இடத்தைத் திரும்பக் கட்டியிருக்கிறார். தலைக்குமேல் கேபிள்கள், சொட்டும் குழாய்கள், பகலிலும் வெளிச்சம் எட்டாத சந்துகள். அடைக்கலம் தேடி உள்ளே வரும் அகதி இளைஞனாக ரேமண்ட் லாம். அங்கே முடிதிருத்தும் கடை வைத்துக்கொண்டு ஊரையே காக்கும் 'சைக்ளோன்' என்ற மனிதராக லூயிஸ் கூ. சண்டை அமைத்திருப்பவர் ஜப்பானியரான கென்ஜி தனிகாகி. முதல் பாதியில் சந்துகளில் நடக்கும் சண்டைகள் பிரமாதம். கையை முழுதாக நீட்ட இடமில்லாத இடத்தில் எப்படி அடிப்பது? சுவரில் மிதித்து எழும்பவேண்டும், ஜன்னல் கம்பியைப் பிடித்துத் திரும்பவேண்டும், மாடியிலிருந்து மாடிக்கு விழவேண்டும். இடமே சண்டையை எழுதுகிறது. நடுநடுவே அங்கு வாழ்பவர்களின் வேலையையும் சாப்பாட்டையும் காட்டுவது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதனால்தான் அந்த இடத்தைக் காக்க அவர்கள் உயிரைக் கொடுப்பதை நம்பமுடிகிறது.

கடைசிச் சண்டையில்தான் எனக்குக் குறை. வில்லனின் ஆள் மந்திர பலத்தால் கத்தி படாத உடம்போடு வருகிறான். அடித்தாலும் ஆகாது, குத்தினாலும் ஆகாது என்றான பிறகு சந்தாவது சுவராவது? கிராஃபிக்ஸ் ஏறுகிறது, இடம் மறைகிறது. முதல் பாதியில் அவ்வளவு கவனமாகக் கட்டியதை அங்கே விட்டுவிட்டார்கள் என்று வருத்தமாக இருந்தது. 'டிராகன் இன்' வில்லனும் யாராலும் வெல்லமுடியாதவன்தான். ஆனால் அவனுக்கு ஆஸ்துமா இருக்கிறது. சுற்றிச் சுற்றி ஓடி அவனைக் களைக்க வைக்கிறார்கள். அதற்கு இடம் வேண்டும், திறந்த வெளி வேண்டும், கிங் ஹூ சண்டையை அங்கே கொண்டுபோகிறார்.

கொரியாவின் 'ஓல்ட்பாய்' நடைவழிச் சண்டையும் இந்த வரிசையில் வரும். பக்கவாட்டில் நகரும் ஒரே ஷாட், தப்பிக்க வழியில்லாத நீளமான சுவர். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

'டிராகன் இன்' பார்த்தவர்கள் அடுத்து சாய் மிங்-லியாங்கின் 'குட்பை, டிராகன் இன்' (2003) பாருங்கள். மூடப்போகும் ஒரு தைபே தியேட்டரின் கடைசிக் காட்சியில் அதே பழைய படம் ஓடுகிறது. அதில் நடித்த ஷி சுன், மியாவ் டியன் இருவரும் முதியவர்களாக அங்கே உட்கார்ந்து தங்களையே பார்க்கிறார்கள். மிக மெதுவான படம், பொறுமை வேண்டும். ஆனால் மூலப் படத்தைப் பார்க்காமல் இதற்குப் போகாதீர்கள், பாதி போய்விடும்.

மூலப் படத்தை மீட்டெடுத்த பிரதியில் பாருங்கள், பழைய மங்கலான பிரதிகள் வேண்டாம். அகலத்திரைப் படம் அது. கிங் ஹூ ஓரங்களையெல்லாம் பயன்படுத்துகிறார். போனில் பார்த்தால் மூலையில் அசையும் ஆளைத் தவறவிடுவீர்கள். டிவியாவது வேண்டும்.