மூன்று முறை அறிவுறுத்தப்பட்டது

"ஞாபகம் இருக்கிறதை எழுதுங்க அக்கா."

நான் சொன்னது அவ்வளவுதான். இந்த ஒரு வரியை வருஷக்கணக்கில் சுமந்துகொண்டு திரிகிறேன். தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. பொறுப்பான மருத்துவ அலுவலர் சொல்ல வேண்டிய பேச்சு மாதிரிகூட இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த மருந்து இருப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

அக்கா எங்கள் கிராம சுகாதார செவிலியர். பிரசவத்தில் இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு அது. அவர் கேட்டதையும் அப்படியே தருகிறேன். "மேடம், நேர்ல போயி ஒரு தடவைதான் சொன்னேன். மத்த விசிட்டெல்லாம் எழுதாம விட்டுப்போச்சு. எழுதிரட்டுமா?"

இதை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேனோ. முதல் பாதியில் ஒரே ஒரு தடவை என்கிறார். இரண்டாம் பாதியில் மற்ற விசிட்டுகள் வந்துவிடுகின்றன. ஒரு தடவைதான் போனார் என்றால் மற்றது ஏது? போனில் சொன்னதை, வழியில் பார்த்துச் சொன்னதைச் சேர்த்துக்கொள்கிறாரா? "மத்த விசிட்டுன்னா எதுக்கா?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மறுநாள் காலை கலெக்டர் அலுவலகத்தில் ஆடிட். தாய் இறப்பு ஆய்வு என்பது ஏட்டில் இருக்கும் பெயர். நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இறந்தவளுக்கு அது மூன்றாவது பிரசவம். ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 7.6. ரத்தசோகைக்கு நரம்பில் ஏற்றும் இரும்புச்சத்து மருந்தான அயர்ன் சுக்ரோஸ் ஏற்ற நான்தான் எழுதிக்கொடுத்தேன். இரண்டு முறை வந்தாள், அப்புறம் வரவில்லை. 38-வது வாரத்தில் ராத்திரி வலி எடுத்து தாலுகா மருத்துவமனைக்குப் போனார்கள். சுகப்பிரசவம்தான். நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது. கருப்பை மட்டும் சுருங்கவில்லை. அதைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், மிசோபிராஸ்டால் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அவள் வகை ரத்தம் அங்கே இல்லை. மருத்துவக் கல்லூரிக்குப் போகும் வழியில், 108-லேயே இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது.

சுகப்பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால்தான் பாடப்புத்தகம் அதை மிகை ரத்தப்போக்கு என்கிறது. 11 கிராம் இருக்க வேண்டிய உடம்பில் ஏழரை இருந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது. இன்னொருத்தி இரண்டு நாள் சோர்வோடு எழுந்து உட்காரும் அளவு ரத்தம் இவளைக் கொண்டுபோய்விடும். ஆகவே ஆடிட்டில் எங்கள் பக்கம் வரப்போகும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரத்தசோகையை ஏன் சரிசெய்யவில்லை? நாள் நெருங்கும் முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் ஏன் சேர்க்கவில்லை? இரண்டும் கடைசியில் கிராம சுகாதார செவிலியர் தலையில்தான் வந்து விழும். போனீர்களா, சொன்னீர்களா, எத்தனை தடவை சொன்னீர்கள்?

அக்காவுக்கு ஓய்வு பெற 14 மாதம் இருந்தது. பெரிய தண்டனை வரை போகக்கூடிய 17(பி) ஒழுங்கு நடவடிக்கை என்றால் என்னவென்று அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது நிலுவையில் இருக்கும்போது ஓய்வு நாள் வந்தால் என்ன பாடு என்றும் சொல்லத் தேவையில்லை. அவருடைய துணை சுகாதார நிலையத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்குப் பக்கம். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. அது போதாதென்று பக்கத்து நிலையம் 11 மாதமாகக் காலி. அதற்கும் அவர்தான் கூடுதல் பொறுப்பு. இறந்தவள் அந்தக் காலி நிலையத்தைச் சேர்ந்தவள். ஒரு ஸ்கூட்டி, இரண்டு பஞ்சாயத்து, தடுப்பூசி, கர்ப்பிணிகளைக் கணினியில் ஏற்றும் பிக்மி பதிவு, மகப்பேறு நிதிக்கான காகிதங்கள், டெங்கு வந்தால் அதுவும். இப்படிப்பட்டவரிடம் ஏன் மூன்று தடவை போகவில்லை என்று கேட்பது அநியாயம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன். இந்த நியாயத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆனால் முழுசாகச் சொல்வதென்றால் இன்னொன்றும் உண்டு. ஒரு தடவைதான் போனார் என்று எழுதினால் அடுத்த கேள்வி மருத்துவ அலுவலருக்கு வரும். ஹை ரிஸ்க் தாய்மார் பட்டியலை வாராவாரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார்? நான். அயர்ன் சுக்ரோஸ் பாதியில் நின்றதை யார் கவனித்திருக்க வேண்டும்? செவ்வாய்க்கிழமை ஏ.என். கிளினிக்கில், அதாவது கர்ப்பிணிகள் பரிசோதனையில், அறுபது எழுபது பேர் வருவார்கள். வந்தவர்களைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். வராதவள் கண்ணில் படமாட்டாள். இதுவும் நியாயம்தான். ஆனால் அக்காவுக்கு இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னேன் என்று நான் யாரிடமாவது சொன்னால் அது பாதிப் பொய்.

கூட்டத்தில் கலெக்டர் கேட்டார். அக்கா எழுந்து நின்று, "மூணு தடவை சொன்னேங்க சார்," என்றார். தேதிகளைப் படித்தார். குரல் நடுங்கவில்லை. நான் மேசைக்கு அடியில் செல்போனில் காலண்டரைத் திறந்து பார்த்தேன். முதல் தேதி வெள்ளி. அது உண்மை, எனக்குத் தெரியும். இரண்டாவது திங்கள். மூன்றாவது புதன்கிழமை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். தமிழ்நாட்டில் சுகாதாரத் துறையில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்கும் அது தெரியும். அன்றைக்கு அக்கா தன் சொந்த நிலையத்தில், வேறு ஊரில், தடுப்பூசிப் பெட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. துணை இயக்குநர் ஒரு விநாடி என் பக்கம் திரும்பின மாதிரி இருந்தது. திரும்பினாரா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியாது. கலெக்டர் அதற்குள் தாலுகா மருத்துவமனைக்குப் போய்விட்டார். ரத்த சேமிப்புப் பிரிவு ஏன் இயங்கவில்லை, ஃப்ரிட்ஜ் எப்போது பழுதானது, உரிமம் எங்கே என்று முக்கால் மணி நேரம் அதிலேயே போனது. எங்கள் பக்கத்தை இரண்டு நிமிடத்தில் முடித்தார்கள். எழுதிய முடிவு: மூன்று முறை அறிவுறுத்தப்பட்டும் பயனாளி ஏற்கவில்லை.

அப்போது எனக்கு வந்தது நிம்மதிதான். வேறு எதுவும் தோன்றவில்லை. வெளியே வந்து டீ குடித்தோம். அக்கா காசு கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்த வாக்கியம் யார்மேல் குற்றம் சொல்கிறது என்று உறைத்தது. 1994-ல் செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இருவர் பிரசவ மரணங்களை மூன்று தாமதங்களாகப் பிரித்து எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நம் படிவங்களும் அந்த வழியில் வந்தவைதான். நர்ஸ் ஒரு தடவைதான் வந்தார் என்றால் தவறு எங்களுடையது. மூன்று தடவை வந்தார் என்றால் முதல் தாமதம் அவளுடையது. செத்தவள் பெயரில் ஒரு டிக். அவளுக்கு மெமோ கொடுக்க முடியாது, விளக்கம் கேட்கவும் முடியாது. இதைவிட வசதியான குற்றவாளி யாருக்குக் கிடைக்கும்?

இந்த ஆடிட் முறையையே குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் 1994 முதல் தாய் இறப்புகளைப் பதிவு செய்து விசாரித்து வந்திருக்கிறோம். 2004-06-ல் ஒரு லட்சம் பிறப்புக்கு 111 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. அதே காலத்தில் நாட்டின் சராசரி 97. மூன்று நர்ஸ்களோடு 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-ல் வந்த 108, அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கான சீமாங்க் மையங்கள் என்று பல காரணம் உண்டு. ஒரு மரணத்தையும் கேள்வி கேட்காமல் விடமாட்டோம் என்ற பிடிவாதம் அதில் பெரிய காரணம் என்றே நம்புகிறேன். அவள் இறந்தது 2019-ல். 54 என்பது மாதிரிக் கணக்கெடுப்பில் வந்த எண், அதனால் அவள் அதற்குள் இருந்தாளா என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் கேள்வியை பயத்தோடு சேர்த்தே கேட்கிறோம், அதுதான் என் பிரச்சினை. 2017-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டியிலேயே யார்மேலும் பழி போடக் கூடாது என்று இருக்கிறது. மாவட்டக் கூட்டத்தில் நூறு பேர் முன்னால் ஒரு செவிலியரை எழுப்பி நிறுத்திவிட்டு அதை யார் நம்புவார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல் இதைப் பெயர் இல்லாமல் செய்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் அப்படித்தான் செய்கிறது. பெயர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு காகிதத்தை மட்டும் படிக்கிறார்கள். 2018-20-ல் அவர்கள் எண் 19. அந்த ஒரு முறையால்தான் 19 என்று சொன்னால் அது அபத்தம். ஆனால் அங்கே ஒரு டாக்டர் உண்மையை எழுத ஒரு துளி தைரியம் கூடுதலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும். அப்புறம் உடனே இன்னொன்றும் தோன்றும்: பெயர் இல்லாத காகிதத்திலும் நான் மூன்று தடவை என்றுதான் எழுதியிருப்பேனோ?

இப்படித் தோன்றக் காரணம் இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆடிட்டுக்குப் பத்து நாள் முன்பு விசாரணைப் படிவத்தோடு அவள் வீட்டுக்குப் போனது நான்தான். மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நர்சம்மா ஒரு நாள் வந்துச்சு. ஊசி ஏத்த வரச் சொல்லிச்சு. வெங்காயம் புடுங்குற நாளு பாருங்க, ஒரு நாளு போனா கூலி போச்சு. இவதான், அடுத்த வாரம் போறேன் அத்தைன்னா." மகப்பேறு நிதியில் மீதித் தவணை இனி வருமா என்றும் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து படிவத்தில் எழுதினேன்: "செவிலியர் வீட்டிற்கு வந்து அறிவுறுத்தியதாகக் கூறினார்." ஒரு நாள் என்பதை எழுதவில்லை. அக்கா என்னிடம் வந்து கேட்பதற்கு ஒன்பது நாள் முன்பே, யாரும் கேட்காமலே, அந்த எண்ணை நான் விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேனா, கை பழக்கத்தில் அப்படி எழுதிற்றா? என் கையெழுத்துதான், என்னாலேயே படிக்க முடியவில்லை.

வெங்காயத்தையும் எழுதவில்லை. அதற்குப் படிவத்தில் இடமும் இல்லை. எங்கள் நிலையத்துக்கு அந்த ஊரிலிருந்து பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு பாட்டில் மருந்து ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்கு ஒரு நாள் கூலி முழுசாகப் போகும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வா என்று நான் எழுதிக்கொடுத்தேன். நர்ஸ் மூன்று தடவை போயிருந்தாலும் அவள் வந்திருக்கமாட்டாள் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படியென்றால் பொய்யால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இல்லை, மூன்றாவது தடவை அக்கா போயிருந்தால், அவர் பேச்சுக்கு அந்தப் பக்கம் ஒரு மரியாதை உண்டு, ஸ்கூட்டியிலேயே உட்காரவைத்துக் கூட்டிவந்திருப்பார். அப்படிக் கூட்டிவந்த பெண்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆடிட்டால் நடந்ததையும் சொல்ல வேண்டும். மூன்றே மாதத்தில் தாலுகா மருத்துவமனையில் ரத்த சேமிப்புப் பிரிவு ஓடத் தொடங்கியது. அதில் எத்தனை பேர் பிழைத்தார்களோ. காலி நிலையம் மட்டும் இன்னும் ஒன்றரை வருடம் காலியாகவே கிடந்தது. அது காலி என்பது மாத அறிக்கையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அறிக்கையில் காலி என்று இருப்பதும், ஒரு பிணத்தின் பக்கத்தில் காலி என்று எழுதுவதும் ஒன்றா? அன்றைக்கு ஒரு தடவை என்று எழுதியிருந்தால் கலெக்டர் ஏன் என்று கேட்டிருப்பார். அக்கா காரணம் சொல்லியிருப்பார். ஆளைப் போட்டிருப்பார்கள். அல்லது அக்காவுக்கு மெமோவைக் கொடுத்துவிட்டு நிலையத்தை அப்படியே விட்டிருப்பார்கள். இந்தத் துறையில் இத்தனை வருஷம் இருந்தவளாகச் சொல்கிறேன், இரண்டாவதுதான் நடந்திருக்கும். மூன்று நாளில் ஒரு நாள் அப்படி உறுதியாகச் சொல்வேன். மற்ற இரண்டு நாள் சொல்ல வராது.

அக்கா சிக்கல் இல்லாமல் ஓய்வு பெற்றார். விருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், அந்தப் பேச்சு வரவில்லை. புதன்கிழமை தடுப்பூசி மதியத்தோடு முடிந்திருக்கலாம், சாயங்காலம் அவர் உண்மையிலேயே அந்த ஊருக்குப் போயிருக்கலாம். அவரிடமே கேட்டிருக்கலாம். பாயசத்தில் சர்க்கரை கம்மி என்று சொன்னேன்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் மற்றவர்களுடைய பதிவேடுகள் என் மேசைக்கு வருகின்றன. தேதிகளைப் பார்த்ததும் கை தானாகக் காலண்டருக்குப் போகும். போன மாதம் ஒன்றில் இரண்டு புதன்கிழமைகள் இருந்தன. பென்சிலால் இரண்டையும் சுழித்து வைத்தேன். அந்தச் செவிலியர் உள்ளே வந்து எதிரே நின்றார். இருபத்தைந்து இருபத்தாறு வயசு இருக்கும், கையில் ஸ்கூட்டி சாவி. எத்தனை நிலையம் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டுங்க மேடம்," என்றார். சரி என்று சொல்லி, அவர் போனபிறகு ரப்பரை எடுத்தேன்.