சுருக்குப்பைக்குள் போன ஓட்டு

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு எங்கள் தருமபுரியில்தான்: 81.20 சதவீதம். ஆய்வுப் படிப்புக்காக அந்த ஏப்ரலில் பென்னாகரம் பக்கம் கேள்வித்தாளோடு அலைந்தேன்.

முதல் நாளே சொதப்பினேன். புளியமரத்தடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே "யாருக்குப் போடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். மூத்தவர் ஒரு கட்சியைச் சொன்னார். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். தாள் நாலு, பதில் ஒன்று.

தேர்தல் கருத்துக்கணிப்பு நடத்தும் லோக்நீதி-சிஎஸ்டிஎஸ் என்ற டெல்லி ஆய்வு அமைப்பின் ஆய்வுகளில் மாதிரி வாக்குச்சீட்டும் பெட்டியும் கொண்டுபோவது இதற்காகத்தான். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். குறி போட்டு, மடித்து உள்ளே போட்டால் போதும். மறுநாள் நானும் ஒரு செருப்பு டப்பாவில் துளை போட்டு எடுத்துப் போனேன்.

கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் சீட்டை வாங்கினார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குறி போட்டார். எட்டாக மடித்தார். இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"பொட்டியில போடுங்க ஆயா."

"நீ ஊட்டுக்குப் போயி பிரிச்சுப் பாப்ப இல்ல கண்ணு?"

பார்க்கத்தான் போகிறேன். அதற்குத்தானே உதவித்தொகை!

தேர்தலுக்கு மறுநாளும் போனேன். போடாதவர்கள்கூட "போட்டாச்சு" என்பார்கள் என்பதால் விரல் மையைப் பார்ப்பது என் வழக்கம். ஆயாவின் பேரன் பெங்களூரு கட்டட வேலையை விட்டு பஸ் ஏறி வந்திருந்தான். விரலில் மை பளபளத்தது.

"யாருக்குப்பா?"

"ஆயா போடறதுக்குத்தான்."

"அது யாருக்கு?"

திண்ணையைத் திரும்பிப் பார்த்தான். ஆயா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "பதில் இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.