எல் கேப்பிட்டன் ஏறினால் வலிப்பது விரல்தான்

எல் கேப்பிட்டன் ஏறப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பயமாக இல்லையா? பயமெல்லாம் முதல் நாளோடு சரி. அப்புறம் உடம்பு படுத்தும் பாட்டில் கீழே குனிந்து பார்க்கவே நேரம் இருக்காது.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட 3,000 அடிக்கு நிமிர்ந்து நிற்கும் கிரானைட் சுவர் அது. நாங்கள் இரண்டு பேர் போனது அதில் சோடியாக் என்ற பாதை, சார்லி போர்ட்டர் என்ற மலையேறி 1972-இல் போட்டது. பாறை வெடிப்பில் ஓர் இரும்பைச் செருகு, அதில் நைலான் ஏணியை மாட்டு, ஏறி நின்று அடுத்ததைச் செருகு. "ஏணியில்தானே ஏறுகிறீர்கள்" என்று வெறுங்கையால் ஏறுபவர்கள் கிண்டல் செய்வார்கள். ஒரே ஒரு கயிற்று நீளத்துக்கு நாலு மணி நேரம், மெல்லிய நாடாப் படியில் பாதத்தின் நடுப்பகுதியை ஊன்றி நின்று பார்த்தால் தெரியும். கீழே கயிறு பிடிப்பவன் நிலைமையும் சுகமில்லை, ஹார்னஸில் (இடுப்பில் மாட்டும் பட்டை) தொங்கியே இருப்பதால் இடுப்புத் தோல் உரிந்து, தொடை மரத்துப்போகிறது.

மூட்டை இழுப்பது தனிக் கொடுமை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. இரண்டு பேருக்கு ஐந்து நாள் என்றால் தண்ணீர் மட்டுமே 40 கிலோ. சாப்பாடு, தொங்குகட்டில், இரும்புச் சாமான் எல்லாம் அதற்கு மேல் (மலத்தையும் கட்டி எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், சுவரிலிருந்து வீசக் கூடாது). கப்பியில் கயிற்றைக் கோத்து, நம் உடம்பையே எதிர்ப்பாரமாக்கி, உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து இழுக்க வேண்டும். சோடியாக் பெரும்பாலும் வெளியே சாய்ந்த சுவர், மூட்டை எங்கும் சிக்காது, அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆனால் எல்லாவற்றையும் விட மோசம் கை. கயிற்றை மாட்டும் கொக்கிகளான காரபைனர்களின் அலுமினியம் தேய்ந்து உள்ளங்கை கறுத்துவிடும், எவ்வளவு துடைத்தாலும் போகாது. நகக்கண் ஒவ்வொன்றும் வெடித்து, அதற்குள் கிரானைட் தூள். காலையில் எழுந்தால் விரல்கள் வீங்கி மடங்க மறுக்கும். தூக்கப்பையின் ஜிப்பைப் பல்லால் கடித்துத்தான் இழுத்தேன், ஸ்பூனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், பக்கத்தில் கூட வந்தவனும் அப்படியே. கொஞ்ச நேரம் பிட்டன் (வெடிப்பில் அடிக்கும் இரும்பு ஆணி) அடித்ததற்கே முழங்கை கடுத்தது. 1958-இல் இதே சுவரின் நோஸ் என்ற பாதையின் உச்சியில் வாரன் ஹார்டிங் என்ற மலையேறி ராத்திரி முழுக்கச் சுத்தியலும் கையுமாக 28 போல்ட் துளை போட்டாரே, அந்த மனிதருக்கு என்ன உடம்போ!

உச்சியோடு முடிவதில்லை. மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஈஸ்ட் லெட்ஜஸ் என்ற இறங்கு பாதை வழியாக இறங்கும்போது முழங்கால் போய்விடும்.

ஊருக்கு வந்து வாரக்கணக்கில் ராத்திரி கை மரத்து எழுந்துகொண்டிருந்தேன், சட்டைப் பித்தான் போடுவதற்குள் பொறுமை போய்விடும். போக நினைப்பவர்கள் விரல் நுனி திறந்த தோல் கையுறை இரண்டு ஜோடியாக வாங்கிக்கொள்ளுங்கள், விரலில் சுற்றும் டேப்பை நம்பாதீர்கள். விரலுக்குத் தடவ ஏதாவது களிம்பையும் தூக்கப்பைக்குள்ளேயே வையுங்கள், பெரிய மூட்டையின் அடியில் போட்டால் ராத்திரி அதை எடுக்கவே மனசு வராது.