45 நாள் சட்டத்தை வைத்து நிலுவை பில்லை வாங்கிய அனுபவம்

மதுரைப் பக்கம் சிறிய அளவில் துப்புரவு, கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்கிறேன். 2023இல் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஆள் வைத்து வேலை பார்த்தோம். மாதா மாதம் பொறுப்பு அதிகாரி வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்து, வேலை திருப்தி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பணம் மட்டும் வரவில்லை. ஜூலையில் தொடங்கி, ஒப்பந்தம் முடிந்த அக்டோபர் வரைக்கும் எல்லா பில்லும் தேங்கிவிட்டன.

ஆள் வைத்து நடத்தும் தொழிலில் பில் தாமதமானால் என்ன ஆகும் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆட்களுக்கு 7ஆம் தேதிக்குள் சம்பளம். 15க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20ஆம் தேதி ஜிஎஸ்டி. கையில் காசு வந்ததா என்று ஜிஎஸ்டி கேட்காது, பில் போட்ட மாதத்துக்கு 18 சதவீதம் கட்டியாக வேண்டும். வராத ஒரு லட்சத்துக்கு 18 ஆயிரம் நம் பையிலிருந்து போகிறது. போட்டிக்காக ஒற்றை இலக்க சதவீதத்தில் சர்வீஸ் சார்ஜ் (சம்பளச் செலவுக்கு மேல் எங்களுக்கு வரும் தொகை) போட்டு எடுத்த வேலை அது. சில மாதம் ஓவர் டிராஃப்டில் சம்பளம் கொடுத்தால் அந்த லாபம் வட்டிக்கே சரியாகிவிடும்.

கேட்கப் போனால் ஒரு முறைக்கு ஒரு குறை சொன்னார்கள். பி.எஃப். சலான் நகல் வேண்டும் என்றார்கள், கொடுத்தோம். அப்புறம் வங்கி வழியாகச் சம்பளம் போட்ட பட்டியல். அதுவும் கொடுத்ததும், தலைமை அலுவலகத்திலிருந்து நிதி வரவில்லை என்றார்கள். எல்லாம் வாய்வார்த்தைதான். எழுத்தில் ஒரு வரி தரவில்லை.

அது எங்களுக்கு நல்லதாகப் போனது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, வேலை முடிந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் ஒப்பந்தத்தில் 60 நாள் என்று இருந்தது, அது செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அப்போது பேங்க் ரேட் 6.75, ஆக 20.25 சதவீதம். 10 லட்சம் ஒரு வருடம் நின்றால் வட்டி மட்டும் சுமார் 2 லட்சத்து 22 ஆயிரம்.

இந்தச் சலுகை குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான், நடுத்தர நிறுவனங்களுக்குக் கிடையாது. உத்யம் என்ற, இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவும் வேலைக்கு முன்பே இருப்பதுதான் பாதுகாப்பு. வேலை முடிந்த பிறகு பதிந்துகொண்டு பழைய பாக்கிக்கு இந்த உரிமையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. எங்களிடம் பதிவு ஏற்கெனவே இருந்தது.

பில் தாமதத்துக்குப் புகார் கொடுப்பதற்கான அரசின் சமாதான் இணையதளத்தில் மனு போட உட்கார்ந்தபோது பெரிதும் உதவியது பில் நகல்கள்தான். பில் கொடுக்கும்போதெல்லாம் தபால் பிரிவில் ஒரு நகலில் முத்திரை வாங்கிவிடுவது எங்கள் அலுவலகப் பெண்ணின் வழக்கம். ஊதா மையில் தேதியும் இன்வர்டு எண்ணும் பதிந்த அந்த நகல்கள் இருந்ததால், பில் எங்களுக்கு வரவே இல்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை. வேலை ஆணை, திருப்திச் சான்று, முத்திரை போட்ட பில், வட்டிக் கணக்கு எல்லாவற்றையும் மாத வாரியாக அடுக்கி ஏற்றினோம். மாவட்டத் தொழில் மையத்திலும் நன்றாக வழிகாட்டினார்கள்.

மனு, இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசின் வசதியாக்கக் குழுவுக்குப் போனது. அங்கே எதிர்த் தரப்பு முதலில் சொன்னது, ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்குத் தனி விதி இருக்கிறது, இங்கே வர முடியாது என்று. அந்த வாதம் நிற்கவில்லை. அப்படி விதி இருந்தாலும் வசதியாக்கக் குழுவுக்கு வரலாம் என்று 2022இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

இதற்கிடையே 2024 மார்ச் வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்த்திருந்த 43பி(எச்) பிரிவு, 2023-24 நிதியாண்டில்தான் முதல் முறையாக நடைமுறைக்கு வந்தது. நிதிப் பிரிவிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு உத்யம் சான்று கேட்டார்கள். மாதக்கணக்கில் வராத நிதி மார்ச் கடைசிக்குள் வந்துவிட்டது!

அசல் வந்ததும், “வட்டியை விட்டுடுங்க சார், அடுத்த டெண்டர்ல பார்த்துக்கலாம்” என்றார் ஒரு அதிகாரி. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் ஆட்களில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள், அவர்கள் சம்பளம் ஒரு நாள் தள்ளக் கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் வங்கிக்கு வட்டி கட்டினோம். அந்தச் செலவைச் சின்ன ஒப்பந்ததாரர் தலையில் கட்டிவிட்டு, நிர்வாகச் செலவைக் குறைத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுவது நியாயம் இல்லை. மனுவைத் திரும்பப் பெறவில்லை.

சமரசப் பேச்சில் வட்டியில் ஒரு பகுதி தர ஒப்புக்கொண்டார்கள். குழு தீர்ப்பு கொடுத்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் போக அவர்கள் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும், ஆகவே எங்கள் பக்கம் பலம் இருந்தது. ஆனாலும் மேல்முறையீடு என்று போனால் வருடக் கணக்கில் இழுக்கும். வங்கிக்குக் கட்டிய வட்டி ஈடாகும் அளவுக்கு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம்.

அதே அலுவலகத்தின் அடுத்த டெண்டரிலும் கலந்துகொண்டோம். இரண்டு மாத முதலீட்டுக்கான வட்டியைச் சர்வீஸ் சார்ஜில் சேர்த்துத்தான் விலை போட்டேன். வேறொருவர் குறைந்த விலைக்கு எடுத்துப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் ட்ரெட்ஸில் (பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்க உதவும் இணையத் தளம்) சேர்ந்துவிட்டீர்களா என்பதுதான். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும், 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளும் சேர வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. பில்லை அவர்கள் அந்தத் தளத்தில் ஏற்றுக்கொண்டால் போதும், வங்கிகள் ஏலம் கேட்டுக் கழிவு போக மீதியை உடனே கொடுத்துவிடும். கெடு நாளில் வாங்கியவர் கட்டத் தவறினாலும் வங்கி நம்மிடம் திரும்பி வராது. பெயருக்குச் சேர்ந்துவிட்டு ஒரு பில்லைக்கூட ஏற்றுக்கொள்ளாத இடங்களும் உண்டு. அதனால் கடைசியாக எந்த மாதம் பில் ஏற்றுக்கொண்டீர்கள் என்று சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.