வெறுங்கூண்டில் வளர்ந்த பெட்டைகள்: நான் மாற்றியவையும் மாற்றாமல் விட்டவையும்

காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு, விற்பனைக்காக வளர்ப்பதில்லை. சென்ற ஆண்டு மாங்காய் அறுவடை ஓய்ந்த சமயத்தில், கம்பிவலைக் கூண்டிலேயே வளர்ந்த சில இளம் பெட்டைகளை வாங்கி வந்தேன். தீனிக்கும் தண்ணீருக்கும் குறையில்லாமல் வளர்ந்தவைதான். ஆனாலும் வாலடியில் இறகு பிடுங்கப்பட்டுத் தோல் சிவந்திருந்தது. ஒன்றின் முதுகை மற்றொன்று ஓயாமல் கொத்தியது. ஆள் நிழல் பட்டாலே கூண்டின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கின.

வாழிடத்தின் வெறுமை மூளையையே பாதிக்கும் என்று படித்திருந்தேன். கனடாவின் உளவியலாளர் டொனால்ட் ஹெப், வீட்டில் செல்லமாகத் திரியவிட்டு வளர்த்த எலிகள் ஆய்வுக்கூண்டு எலிகளைவிடப் புதிர்களை நன்றாகத் தீர்த்ததாக 1947இல் எழுதினார். 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்க் ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்ட் முதலானோர், எலிகளில் சிலவற்றை ஏணி, சக்கரம், விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த பெரிய கூண்டில் கூட்டமாகவும், சிலவற்றைத் தனிக்கூண்டில் வெறுமையாகவும் வளர்த்து, முதல் வகையின் பெருமூளைப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, சற்றுத் தடித்திருப்பதைக் கண்டார்கள். அந்த வேறுபாடு சில விழுக்காடுதான். ஆயினும் மூளை அனுபவத்தால் உருமாறும் என்பதை அது அளந்து காட்டியது. 1997இல் கெம்பர்மன், கேஜ் என்ற நரம்பியல் ஆய்வாளர்களின் குழு, அத்தகைய சூழலில் வாழ்ந்த சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் கூடுதலாக நிலைத்திருப்பதைக் காட்டியது. நினைவுக்கும் மன அழுத்தத்தைத் தணிப்பதற்கும் தொடர்புடைய பகுதி அது என்பதால், என் கோழிகளின் நிலையோடு அந்தச் செய்தியைச் சேர்த்தே நினைத்தேன். எலிக்கும் கோழிக்கும் அழுத்த நேரத்தில் சுரப்பது கார்டிகோஸ்டிரோன் என்ற ஒரே ஹார்மோன்தான். அதை வீட்டில் அளக்க வழியில்லை. கோழியை மல்லாத்திப் பிடித்து, அது எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறது என்று பார்த்து அச்சத்தை மதிப்பிடும் சோதனை ஒன்று உண்டு. ஏற்கெனவே மிரண்ட பறவைகளை அதற்கு உட்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இறகின் நிலை, கொத்தும் பழக்கம், ஆளைக் கண்டால் விலகும் தூரம் ஆகியவற்றை மட்டுமே குறித்து வந்தேன்.

முதல் வேலையாகத் தீவனத் தட்டை எடுத்துவிட்டேன். கோழியின் மூதாதையான காட்டுக்கோழி பகலின் பெரும்பகுதியைத் தரையைக் கிளறிக் கொத்துவதிலேயே கழிக்கிறது. கிளற எதுவும் கிடைக்காதபோது அந்தக் கொத்தல் கூட்டாளியின் இறகுமேல் திரும்புகிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் விளக்கம். ஆகவே கேழ்வரகுத் தாளையும் மாஞ்சருகையும் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பி, கம்பையும் சாமையையும் அதற்குள் பரவலாகத் தூவினேன். ஓரிடத்தில் குவித்தால் வலுத்தது காவல் நிற்கும்; கூண்டில் விளையாட்டுப் பொருள்களைச் சேர்த்ததும் ஆண் சுண்டெலிகளிடையே சண்டை மிகுந்ததாகப் பதிவுகள் இருப்பதையும் நான் மறக்கவில்லை.

அதைவிட நல்ல பலன் கரையான் பானையால் கிடைத்தது. ஓட்டைப் பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், இற்ற மட்டை ஆகியவற்றை அடைத்துத் தண்ணீர் தெளித்து, மாமரத்தடியில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். முதன்முறை அதைக் கொட்டியபோது பெட்டைகள் கழுத்தை நீட்டித் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தனவே தவிர நெருங்கவில்லை. பிறகு ஒன்று மட்டும் முன்வந்து சாணக்கட்டியை ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் பின்வாங்கியது. கட்டி உடைந்து வெள்ளைப் பூச்சிகள் சிதறியதும் மீண்டும் வந்து, இரண்டு காலாலும் மாற்றி மாற்றிச் சீய்க்கத் தொடங்கியது. கம்பியில் மட்டுமே நின்று பழகிய கால்கள் யாரும் கற்றுத்தராமலே அதைச் செய்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மூலையில் குழி பறித்துச் செம்மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து நிரப்பினேன். உச்சிவெயில் நேரத்தில் அதில் புரண்டு, இறகின் அடிவரை புழுதி ஏற்றி, எழுந்து உதறுகின்றன. இறகில் மிகும் எண்ணெய்ப்பசை அதனால் குறையும்.

பெர்க்லி எலிகளின் பொருள்கள் அடிக்கடி மாற்றப்பட்டன. நானும் தொங்கவிடும் கீரைக்கட்டு, கவாத்து செய்த மாங்கிளை, முருங்கைக் கொத்து என்று மாற்றிக்கொண்டே இருக்கிறேன். பழகிய பொருளைக் கோழி சீக்கிரமே சீண்டாமல் விட்டுவிடுகிறது. ஆனால் இரவில் அமரும் மூங்கில் கழியையும் முட்டையிடும் இருட்டுக் கூடையையும் இடம் மாற்றுவதில்லை. பகலில் புதியதை அணுகும் துணிவு, அந்தியில் ஏறி உட்கார அதே கழி அதே உயரத்தில் இருப்பதால்தான் வருகிறது என்பது என் கணிப்பு. புதிய பொருளையும் முதலில் வேலியோரம் வைத்து, ஒன்றாவது நெருங்கிய பிறகே நடுவில் கொண்டுவருகிறேன்.

இப்போது வாலடியில் குருத்திறகு அடர்ந்துவிட்டது. காயம் இருந்த இடத்தில் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவியதும் ஆறிற்று. என் காலடிவரை வந்து சருகைக் கிளறுகின்றன. ஒரு பெட்டை மட்டும், மழை நாளில் எல்லாவற்றையும் உள்ளே அடைக்கும்போது பழையபடி அருகிலிருப்பதன் முதுகைக் கொத்துகிறது. வரும் ஐப்பசி அடைமழைக்கு முன் கூண்டின் கூரையை நீட்டி, நனையாத ஒரு சருகுப் படுகையை அதன் கீழ் அமைக்கவிருக்கிறேன்.