சி.வி. ராமன் நகர் வீட்டை விற்றபோது

பெங்களூரு சி.வி. ராமன் நகரில் நானும் என் மனைவியும் கூட்டாக வாங்கிய அடுக்குமாடி வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருந்தோம். 2018-இல் சர்ஜாபூர் சாலையில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு அதை வாடகைக்கு விட்டிருந்தோம். 2024 டிசம்பரில் 1,05,00,000 ரூபாய்க்கு விற்றோம். சொந்தமாகக் குடியிருந்த வீடுதானே, அதற்கு என்ன வரி வந்துவிடப் போகிறது என்ற நினைப்பில்தான் நான் விலையே பேசத் தொடங்கினேன். நம் வருமான வரிச் சட்டத்தில் அப்படியொரு பொது விலக்கு கிடையாது. குடியிருந்திருந்தாலும் வாடகைக்கு விட்டிருந்தாலும், 24 மாதங்களுக்கு மேல் கையில் வைத்திருந்து விற்ற வீட்டில் வரும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம்தான். அதைக் கொண்டு வேறு வீடு வாங்கினாலோ, கட்டினாலோ, அரசு குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் போட்டாலோதான் விலக்குக் கிடைக்கும்.

விற்பதற்கு ஒரு மாதம் முன்பு அல்சூரில் இருக்கும் ஆடிட்டர் அம்மையாரைப் பார்க்கப் போனபோது, நண்பர்கள் சொல்லியிருந்த கணக்கு என் மனத்தைக் கலக்கிக்கொண்டிருந்தது. 2024 ஜூலை 23 முதல் பணவீக்கக் குறியீட்டைக் கொண்டு வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் சலுகை போய்விட்டது, லாபம் முழுவதற்கும் 12.5 சதவீதம் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது பாதிதான் உண்மை. உள்நாட்டில் வசிக்கும் தனிநபர் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலத்தையோ கட்டடத்தையோ விற்றால், குறியீட்டைப் பயன்படுத்திப் பழைய முறையில் 20 சதவீதம் கணக்கிட்டு, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும் என்று நாடாளுமன்றத்தில் நிதி மசோதா நிறைவேறுவதற்கு முன்பே திருத்திவிட்டார்கள். எங்களைப் போல நெடுநாள் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு பெரியது என்பது கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

வீட்டை 2006 ஜூனில் 27,70,000 ரூபாய்க்கு வாங்கினோம். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 2,80,000 ரூபாய். இதுவும் வாங்கிய விலையோடு சேரும் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஆக 30,50,000. வாங்கிய ஆண்டின் குறியீடு 122, விற்ற ஆண்டின் குறியீடு 363; அந்த விகிதத்தில் பெருக்கினால் 90,75,000 ரூபாய் ஆகிறது. அடுத்து, வீட்டில் செய்த மேம்பாட்டுச் செலவுகளைக் கேட்டார். 2014-15-இல் சமையலறையையும் குளியலறைகளையும் இடித்துப் புதுப்பித்ததற்கு 4,00,000 ரூபாய் காசோலையாகக் கொடுத்திருந்தேன். ஒப்பந்தக்காரரின் பில்லும் வங்கிக் கணக்கின் பதிவும் இருந்தன. அந்த ஆண்டின் குறியீடு 240 என்பதால் அது 6,05,000 ஆனது. 2010-இல் ஜன்னல் கம்பிகளுக்கும் சுவரோடு பதித்த மர அலமாரிகளுக்கும் ரொக்கமாகக் கொடுத்த ஒன்றரை லட்சத்தைச் சொன்னபோது, "பில் இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார். இல்லை. வீடு மாறும்போது கோப்பைக் குறைப்பதற்காக நானே கிழித்துப் போட்டவை அவை. அந்தக் காகிதங்களின் இன்றைய மதிப்பு, வரியாகப் பார்த்தால், ஏறத்தாழ 65,000 ரூபாய். சோபா, கட்டில், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றுக்குப் பில் இருந்தாலும் பயனில்லை. அவை வீட்டின் பகுதி ஆகா.

தரகருக்குக் கொடுத்த 1,05,000 ரூபாயையும் கழித்தபின், பழைய முறையில் ஆதாயம் 7,15,000 ரூபாய், வரி 1,43,000 ரூபாய். புதிய முறையிலோ ஆதாயம் 69,45,000 ரூபாய், வரி 8,68,125 ரூபாய். அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி தனி. இந்த இரண்டு எண்களையும் பார்த்த என் மனைவி, கால்குலேட்டரை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தாள்.

பதிவு வேலையில் எங்களை அலைக்கழித்தது இ-காத்தா, அதாவது மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு. அந்த ஆண்டு அக்டோபரில்தான் அது கட்டாயமாகியிருந்தது. எங்கள் பெயரெழுத்துகள் கிரயப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தன. அதைப் பற்றி எழுதினால் தனிக் கதையாகிவிடும். வரியோடு தொடர்புடையது, விற்பவருக்குத் தரும் விலையிலிருந்து வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய 1 சதவீத வரியான டி.டி.எஸ். வாங்கியவர்களும் கணவன் மனைவி இருவர், விற்ற நாங்களும் இருவர். அதற்கான 26கியூபி என்ற ஒரே படிவத்தில் முழுத் தொகையையும் என் பான் எண்ணில் கட்ட அவர்கள் தயாராக இருந்தார்கள். அப்படிச் செய்திருந்தால் என் மனைவியின் பங்குக்கான வரி என் கணக்கில் ஏறி நின்றிருக்கும். வாங்குபவர் ஒவ்வொருவரும் விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, தலா 26,250 ரூபாய் வீதம் நான்கு படிவங்கள் போட வேண்டும் என்று ஆடிட்டர் விளக்கி எழுதிய கடிதத்தை அவர்களுக்கு அனுப்பினேன். ஒரு படிவத்துக்கு வரும் தொகை 26,25,000 ரூபாய், 50 லட்சம் என்ற வரம்புக்குக் குறைவுதானே, பிடிக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள்.

தவறு நடந்தது என்னால். ஆதாயத் தொகையைக் கடன் பத்திரத்தில் போட்டு வரியைக் குறைக்கலாம் என்று முதல் சந்திப்பிலேயே ஆடிட்டர் சொல்லியிருந்தார். பத்திரத்துக்குக் கெடு, விற்ற நாளிலிருந்து ஆறு மாதம். வேறு வீடு வாங்க நினைப்பவர்கள், செலவழிக்காத பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்கத்தான் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசி நாள் கெடு. நான் இரண்டையும் ஒன்றாக்கி மனத்தில் போட்டுக்கொண்டேன். தாக்கல் செய்யும் நாளை 2025 ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிவைத்த செய்தி வந்தபோது, அவகாசம் கூடியது என்று மகிழ்ந்து இன்னும் நிதானமானேன். ஜூலை நடுவில் பத்திர விண்ணப்பத்தோடு போய் நின்றபோது கெடு முடிந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது.

எனவே வரியைக் கட்டினோம். எங்கள் இருவருக்கும் ஓய்வூதியம் உண்டு, தொழில் வருமானம் இல்லை, வயதும் அறுபதைக் கடந்தது. ஆகவே முன்கூட்டிய வரி கட்டவில்லை என்பதற்கான வட்டி எதுவும் வரவில்லை. ஆதாயத்தில் ஆளுக்குப் பாதி, செஸ்ஸுடன் தலா 74,360 ரூபாய். பிடித்திருந்த 52,500 போக, தலா 21,860 ரூபாயை இணையவழியில் கட்டி, ஐ.டி.ஆர்.-2 என்ற வருமான வரிப் படிவத்தை இருவரும் தனித்தனியாகத் தாக்கல் செய்தோம்.